திரும்பி வந்த கண்ணாடி

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுவோர் பட்டையும் கோயிலையும் விட்டு அப்பால் செல்வதில்லை. தறிக்கூடத்திலும் தேரடியிலும் தாகம் தீர்த்த சோடாவுக்கும் ஒரு வரலாறு உண்டு; அது பெரும்பகுதி பாட்டிலின் வரலாறே.

நாம் கோலி சோடா என்றழைக்கும் பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஹிராம் காட். கழுத்தில் ரப்பர் வளையம், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. தலைகீழாகப் பிடித்து வாயுவேற்றினால் கோலி கழுத்துக்கு இறங்கும். பின்னர் நிமிர்த்தினாலும் உள்ளழுத்தம் அதை வளையத்தோடு இறுக்கி நிறுத்தும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடி மட்டும் தடித்திருக்க வேண்டும். (மூக்குக்கண்ணாடிக்குச் 'சோடாபுட்டி' என்ற பெயர் வந்ததும், அரசியல் கூட்டங்களில் அது ஆயுதமானதும் இத்தடிமனால்தான்.)

உள்ளிருந்த நீரைவிடப் பாட்டில் விலையுயர்ந்தது. ஆகவே நாம் வாங்கியது நீரை மட்டுமே, கண்ணாடி சோடாக்காரருடையது. கடையிலேயே நின்று குடித்துத் திருப்பித் தரவேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முன்பணம் கட்டவேண்டும். காலிப் பாட்டில்களை மிதிவண்டியிலோ வண்டியிலோ ஏற்றித் திரும்பக்கூடிய தொலைவே சந்தையின் எல்லையாயிற்று. ஊருக்கொரு 'கலர்' இருந்ததன் காரணம் சுவையன்று, இந்தத் தொலைவே எனக் கருதலாம். 1916இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க்கும் வெவ்வேறு ஊர்களில் ஆலைகள் அமைத்தே பரவியது.

விலையின் கதை வேறு. அமெரிக்காவில் கோக்கோ கோலா 1886 தொடங்கி 1950கள் வரை ஐந்து சென்ட்டுக்கே விற்றது. பாட்டிலின் அளவு ஆறரை அவுன்ஸ். விலையை உயர்த்த விரும்பியும் ஒற்றை நாணயத்தை விட இயலாமல், ஏழரை சென்ட் நாணயம் வெளியிடும்படி 1953இல் ராபர்ட் உட்ரஃப் அதிபர் ஐசன்ஹோவரிடமே கேட்டார்! 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறி 1993இல் மீண்ட அதே நிறுவனம், 2003இல் 200 மி.லி. பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு விற்றது. ஆறரை அவுன்ஸ் என்பதும் ஏறத்தாழ 192 மி.லி.தான். நாணயத்துக்கேற்ப பாட்டிலை வெட்டும் இவ்வுத்தியை எதிர்கொள்ளுமளவு முதல் ஊர்க்கலர்க்காரரிடம் இல்லை.

ஆயினும் உண்மையான அடி பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்ற நதானியல் வைத், ஓவியர் ஆண்ட்ரூ வைத்தின் உடன்பிறந்தவர். அது திரும்பி வரவேண்டியதில்லை. எனவே சந்தைக்கும் எல்லையில்லை. பாலாற்றங்கரை மாமண்டூரில் அமைந்த பெப்சி ஆலை எந்த ஊருக்கும் அனுப்பலாம். (மகேந்திரவர்மன் குடைவரைகள் உள்ள மாமண்டூர் வேறு.) 2019இல் செங்கல்பட்டு பிரியும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டமே. ஆற்றுநீரை உறிஞ்சுகின்றன என்று கூறி 2017 மார்ச் 1 முதல் இவ்வகைப் பானங்களை விற்பதில்லை என வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, ஊர்க்கலர்களுக்குச் சிறிது காலம் மூச்சு வந்தது.

2019 ஜனவரி 1இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடை பையையும் குவளையையும் உறிஞ்சுகுழலையும் விலக்கியது. பெட் பாட்டிலைத் தொடவில்லை. அவ்வாண்டே ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதரைக் காண ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்தனர். அவர்கள் அருந்திய பாட்டில்களைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. அள்ளியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள்.

2025 மார்ச்சில், கோலி சோடா அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதாக ஒன்றிய வணிக அமைச்சகம் பெருமையுடன் அறிவித்தது. மிதிவண்டித் தொலைவைத் தாண்டாத பாட்டில் கப்பலேறிவிட்டது, முன்பணம் ஏதுமின்றி.