கடலச்சமும் அதற்கு மருந்தும்

1858இல் கைதிகளின் குடியேற்றமான அந்தமானுக்குக் கடல் கடப்பதைக் ‘காலாபானி’ என்று நம் முன்னோர் அஞ்சினர். அது செவிவழி வந்த அச்சம். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையோ, கடலோடு வாழ்ந்த தீவு மக்கள் பலரையே கடலைக் கண்டு நடுங்கவைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் முகாம்களுக்கு வந்து ஆறுதல் அளித்தனர். ஆசிரியர்களையும் தொண்டர்களையும் அப்பணிக்குப் பழக்கினர்.

ஆபத்து நீங்கிய பின்னும் அலையோசைக்கே நெஞ்சு பதறி வாழ்வு முடங்குமாயின், அஃது அச்சநோய். ஒதுங்க ஒதுங்க அது வளரும். 1924இல் அமெரிக்க உளநூல் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவன் உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அச்சத்தைத் தணித்தார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே: முதலில் தொலைவிலிருந்து கடலைக் காணல், பிறகு மணலில் நடத்தல், பிறகு கால் நனைத்தல். அஞ்சுபவரை எள்ளுதலும் நீரில் தள்ளுதலும் தீது. துணைநின்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே நன்று.