அரவானின் மணம்: தொண்டை மண்டலத்தில் பாரதம் மாறிய வரலாறு

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசைக் காட்டுகிறதா, கங்கை மண்ணுக்கு இறங்குவதைக் காட்டுகிறதா என்னும் விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் முடியவில்லை. ஆயினும் அங்குள்ள ஒற்றைக்கல் கோயில்களைத் தருமராசர், அர்ச்சுனன், திரௌபதி பெயர்களால் பிற்காலத்தார் வழங்கியதிலிருந்தே செங்கல்பட்டுச் சீமையில் பாரதம் பெற்றிருந்த செல்வாக்கு விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறது.

அப்படி வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை, சொல்பவர் கையில் மாறியது. வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் (தமிழில் அரவான்), எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பாவிலோ அவன் களப்பலியாகிறான், அதாவது வெற்றி வேண்டிப் போருக்கு முன்பே தன் உயிரைக் காளிக்குக் கொடுக்கிறான். மணமாகாமல் சாக மனமில்லாத அவனுக்கு, மறுநாளே தாலி அறுக்க எந்தப் பெண்ணும் இசையாததால், கண்ணனே மோகினியாகி மனைவியான கதையை மக்கள் வழக்கும் தெருக்கூத்தும் வளர்த்தன. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்க, பெண் வேடங்களை ஆண்களே கட்டி வந்தனர். பெண்ணான கடவுளாக ஓர் ஆண் அரங்கில் நின்றதை ஊர் பக்தியோடு பார்த்தது.

பழைய பாத்திரத்துக்குப் புதிய காதலைத் தரலாமா என்பது எல்லா மறுபடைப்புகளுக்கும் உரிய கேள்வியாகும். 2016இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’ படம் சுலு என்னும் விண்வெளி வீரனுக்கு ஆண் துணைவனைக் காட்டியபோது, முதன்முதலில் அவ்வேடம் ஏற்றவரும் தன்பாலீர்ப்பாளருமான ஜார்ஜ் டக்கேயே, மூலப் படைப்பாளியின் கருத்துக்கு அது மாறானது என்று வருந்தினார். கூத்து மரபு இதைத் துணிவாகவே கையாண்டது: மோகினி மணம் நடக்காவிடில் களப்பலி இல்லை, களப்பலி இல்லாவிடில் பாண்டவருக்கு வெற்றியும் இல்லை என்ற அளவுக்கு அம்மணம் கதையின் உயிர்நாடியில் வைக்கப்பட்டது.

எல்லாக் காதலையும் அம்மரபு இவ்வளவு பரிவோடு நடத்தவில்லை. அல்லி கதையில், ஆண்துணை வேண்டாமென்று மதுரையை ஆண்ட அரசியை அர்ச்சுனன் பாம்பு வடிவில் படுக்கையறை புகுந்து மனைவியாக்குகிறான். அவளுடைய சம்மதம் அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. கேட்டுப் பெற்ற மணம் என்ற வகையில் அரவானுடையதே மேலானது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவில், திருநங்கையர் பூசாரியின் கையால் அரவானின் பெயரில் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் பலி முடிந்ததும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, மார்பிலடித்து அழுது, வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர். பாரதக் கதையில் தமக்கென்று ஓர் இடம் கண்ட அவர்களுக்கு அக்கதை கொடுத்தது ஓர் இரவு இல்வாழ்க்கைதான் என்பது அம்மரபின் பெருங்குறையாகும். மோகினியை ஒருநாளுக்கு மேல் வாழவிடும் பாரதத்தை எந்தக் கூத்தாசிரியராவது எழுதினால், இதுவரை நடந்த மாற்றங்களைப் போல அதுவும் மரபுக்கு உட்பட்டதாகவே இருக்கும்.