ஈதர்நெட்

ஈதர்நெட் என்பது ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ உள்ள கணினிகளைப் பிணைக்கும் உள்ளகப் பிணையத் தொழில்நுட்பம். அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், 1973இல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் இதை உருவாக்கத் தொடங்கினர். ஹவாய்த் தீவுகளை வானொலி அலைகளால் இணைத்த அலோஹாநெட் இதற்கு முன்னோடி. 1983இல் இது ஐ.இ.இ.இ. 802.3 என்ற தரநிலையாயிற்று.

தரவு சட்டகங்களாக நறுக்கி அனுப்பப்படுகிறது. பெறுநருக்கும் அனுப்புநருக்கும் தலா 6 பைட் முகவரி, வகையையோ நீளத்தையோ குறிக்கும் 2 பைட், பிறகு 46 முதல் 1500 பைட் வரை தரவு, கடைசியில் பிழை கண்டறியும் 4 பைட். பிழை தெரிந்தால் சட்டகம் சத்தமின்றிக் கைவிடப்படும்; மீண்டும் அனுப்பவைப்பது டி.சி.பி. போன்ற மேலடுக்கு நெறிமுறைகளின் பாடு.

தொடக்கத்தில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கோஆக்சியல் கேபிள்தான். அது அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும். இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் தொடங்கினால் மோதல். இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி முயலும். மோதல் தொடர்ந்தால் காத்திருப்பின் வரம்பு பத்தாவது மோதல் வரை இரட்டித்துக்கொண்டே போகும். 16 முயற்சிகளும் தோற்றால் சட்டகம் விடப்படும்.

மோதலை அனுப்பி முடிப்பதற்குள் கண்டுகொண்டாக வேண்டும் என்பதே இதன் முடிச்சு. மிகச் சிறிய சட்டகம் 64 பைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 51.2 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் சமிக்ஞை கடைக்கோடிவரை போய், மோதல் செய்தி திரும்பிவிட வேண்டும். ஆகவே பிணையத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்தியது கேபிளின் தரம் மட்டுமல்ல, காலமும்கூட. தடித்த கேபிளின் ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம். துண்டுகளை இணைக்கும் ரிப்பீட்டர், நலிந்த சமிக்ஞையைப் புதுப்பித்துத் தரும்; ஆனால் மோதலையும் சேர்த்தே கடத்தும். எனவே எந்த இரு கணினிகளுக்கும் நடுவே நான்கு ரிப்பீட்டர்களுக்கு மேல் கூடாது. ஹப் என்பதும் பல வாயில்கள் கொண்ட ரிப்பீட்டரே.

இந்தத் தளையை அறுத்தது பிரிட்ஜ். இது சட்டகத்தை முழுதாக வாங்கிச் சரிபார்த்து, பெறுநர் அனுப்புநரின் பக்கத்திலேயே இருப்பது தெரிந்தால் மறுபக்கம் கடத்தாது. யார் எந்தப் பக்கம் என்பதை, வரும் சட்டகங்களின் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். மோதல் அந்தந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவதால் காலக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. புதுச் சிக்கலும் வந்தது: பிரிட்ஜ்கள் வளையமாக அமைந்தால், எல்லோருக்குமான ஒரு சட்டகம் ஓயாமல் சுற்றிப் பெருகிப் பிணையத்தையே முடக்கும். ஏனெனில் சட்டகத்தில் ஆயுள் வரம்பு எதுவும் கிடையாது. டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறையில், உபரி இணைப்புகளைப் பிரிட்ஜ்களே பேசிவைத்து அடைக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்றைத் திறக்கின்றன. அழகான தீர்வு, ஆனால் அடைபட்ட கேபிள் அதுவரை சும்மா கிடக்கும்.

இன்றைய ஸ்விட்ச், பல வாயில்கள் கொண்ட பிரிட்ஜ். ஒரு வாயிலுக்கு ஒரு கணினி, போக வர தனித்தனிப் பாதை என்றானபின் மோதலே இல்லை. 64 பைட் விதி மட்டும் பழைய வழக்கமாக நீடிக்கிறது. இப்போது எல்லை கேபிளைப் பொறுத்தது: முறுக்கிய செப்புக் கம்பிக்கு 100 மீட்டர், ஒளியிழைக்குப் பல கிலோமீட்டர்.

ஸ்விட்ச்களை எத்தனை கோத்தாலும், எல்லோருக்குமான சட்டகங்கள் எல்லா வாயில்களையும் எட்டும். பெரிய பிணையங்களில் இந்த இரைச்சலே சுமையாகிவிடும். அதனால் 802.1க்யூ தரநிலைப்படி ஒரே ஸ்விட்சை வி-லேன் எனும் தனிப் பிணையங்களாகப் பிரித்து, அவற்றுக்கிடையே ரௌட்டர் வழியாகத் தரவைக் கடத்துகின்றனர்.