பலநாள் படகில் காற்றோட்டம்: துவாரம் முதலில், விசிறி பிறகு

எங்கள் பெரியவர்கள் தொழில் செய்த கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் அறை கிடையாது. பிறகு வந்த பதினெட்டரை அடி பைபர் படகுக்கும் கிடையாது. பின்னேரம் இறங்கி விடியப்புறம் கரைக்கு வருகிறவருக்குக் காற்றைப் பற்றி இருந்த கவலை, அது சோளகமா வாடையா, எவ்வளவு கடுமை என்பதுதான். தெற்கில் 1980களில் தொடங்கிப் பலநாள் படகுகள் பெருகிய காலத்தில் எங்கள் கடலில் போரும் தடையும் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 1990இல் சனங்களின் கையை விட்டுப் போய் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆகவே மூடிய அறைக்குள் படுத்து, மூடிய அறைக்குள் இயந்திரத்தை ஓட்டி, மூடிய அறைக்குள் ஐஸையும் மீனையும் வைத்து வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் பழக்கம் எங்கள் பெடியள் பலருக்குத் தகப்பனிடமிருந்து வந்ததல்ல.

இப்போது கரையோரக் கடலை இந்திய இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போக, ஆழ்கடலுக்குப் போகலாம் என்று கடன் எடுத்துப் பலநாள் படகு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் வாங்குவது தெற்கில் ஓடிக் களைத்த பழைய படகு. இயந்திரத்தைப் பார்ப்பார்கள், பைபர் வெடிப்பைப் பார்ப்பார்கள், வலை இழுக்கும் கருவியைப் பார்ப்பார்கள். அறைகளுக்குக் காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பவர் குறைவு. நான் படகுகளுக்கு வயரிங் வேலை செய்பவன். "அண்ணை, கபினுக்கு நல்ல விசிறி ஒண்டு போட்டு விடுங்கோ" என்றுதான் கேட்டு வருவார்கள். விசிறியைக் கையில் எடுக்க முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காற்று எந்த வழியால் உள்ளே வரும், எந்த வழியால் வெளியே போகும்?

விசிறி காற்றை உண்டாக்குவதில்லை, இருக்கிற காற்றைத் தள்ளுகிறது. உள்ளே வர ஒரு வாய், வெளியே போக இன்னொரு வாய் இல்லாத அறையில் எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் அதே வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். படுத்திருப்பவருக்கு முகத்தில் காற்றுப் பட்டு நிம்மதியாக இருக்கும், ஆனால் அவர் மூச்சிழுப்பது பழைய காற்றைத்தான்.

கபினிலிருந்து தொடங்குகிறேன். படுக்கும் இடம் 8 அடி நீளம், 7 அடி அகலம், 5 அடி உயரம் என்று வையுங்கள். 280 கன அடி. அதற்குள் ஆறு பேர். ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி புதுக்காற்று என்று கணக்கிட்டால் 90 கன அடி வேண்டும். விசிறிப் பெட்டியில் சி.எப்.எம். என்று போட்டிருப்பது இதைத்தான், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பதை. ஆனால் அந்த எண் எந்தத் தடையும் இல்லாமல் விசிறி வெறுவெளியில் சுற்றும்போது அளந்தது. நுளம்பு வலை, மழைத் தட்டி, வளைந்த குழாய் என்று ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். பெட்டியில் 90 என்று இருந்தால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்து, இரண்டு விசிறி போடுவதே என் வழக்கம். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். நடுக்கடலில் கடை இல்லை.

அந்த விசிறி காற்றை உள்ளே தள்ள வேண்டுமா, வெளியே இழுக்க வேண்டுமா? வெக்கையை வெளியே இழுத்தால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். கபினைப் பொறுத்தவரை அது ஆபத்தான தெரிவு. பல படகுகளில் கபின் தரைக்குக் கீழேயே இயந்திரம் இருக்கிறது. தரைப் பலகையின் இடுக்கு, வயர் போகும் ஓட்டை, சரியாக மூடாத மூடி என்று கீழிருந்து மேலே எத்தனையோ வழி உண்டு. கூரையில் இழுவிசிறி ஓடி, வெளிக்காற்று வரப் போதிய வாய் இல்லாவிட்டால், அது அந்த இடுக்குகளால் இயந்திர அறைக் காற்றை உறிஞ்சி எடுக்கும். புகைக்குழாய் இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும் காபனோரொட்சைட்டு நித்திரை கொள்பவர்களிடம் வந்து சேரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடியும் சத்தியும் வந்தால் கடற்கிறுகிறுப்பு என்று நினைத்துத் திரும்பப் படுத்து விடுவார்கள்.

அதனால் கபினுக்குள் வெளிக்காற்றைத் தள்ளுவதுதான் சரி. கூரையின் முன்பக்கத்தில், புகைக்குழாய்க்கு எட்டவாக, உள்ளே தள்ளும் விசிறி. மறுபக்கத்தில் உயரமான இடத்தில் வெளியேறும் துவாரம். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடியிருக்கும்போது இடுக்குகளால் காற்று வெளியேதான் போகும், புகை உள்ளே வராது. காற்றுப் பின்னாலிருந்து வீசும் நாளிலும், படகு மெதுவாக ஊரும்போதும் சொந்தப் புகையே திரும்பிக் கபினுக்குள் வரும் பிரச்சினைக்கும் இது பெருமளவு மருந்து. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிப் படுக்கையின் உயரத்தில் பொருத்துங்கள். விசிறிக்குச் செலவழிக்கும் காசில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்குவது வீண் அல்ல.

கூரைத் துவாரங்களில் மூன்று வகையை அதிகம் காண்கிறேன். முதலாவது காளான் போன்ற வட்ட மூடி. தாழ்வானது, வலையும் கயிறும் சிக்காது, உள்ளிருந்து திருகி இறுக்கமாக மூடலாம். தனியே நிற்கும்போது அதிகக் காற்றை எடுக்காது. ஆனால் கீழே விசிறி வைக்க இதுவே நல்ல வாய். இரண்டாவது, பழைய கிராமபோன் வாய் போல வளைந்த குழாய். காற்றின் பக்கம் திருப்பினால் விசிறி இல்லாமலே நன்றாக உள்ளே தள்ளும். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், அப்போது முன்னோக்கித் திருப்பினால் போதும். துறையில் கட்டிக் கிடக்கும்போது வாடைக்கு ஒரு பக்கம், சோளகத்துக்கு மறுபக்கம் என்று திருப்ப வேண்டும். இதன் குறை, அலையும் மழையும் அதே வாயால் வரும்.

அந்தக் குறைக்கு ஒரு பெட்டி தீர்வாக இருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட 'டோரேட்' என்ற பாய்க்கப்பலின் பெயரால் இன்றும் அதை டோரேட் பெட்டி என்கிறார்கள். வளைந்த குழாயை நேரே கபினுக்குள் இறக்காமல் கூரைமேல் ஒரு பெட்டியின் ஒரு முனையில் இறக்க வேண்டும். பெட்டியின் மறுமுனையில், அடித்தட்டிலிருந்து சில அங்குலம் உயர்ந்து நிற்கும் வேறொரு குழாய் கபினுக்குள் போகும். காற்று ஏறிக் கடந்து உள்ளே போகும், தண்ணீர் பெட்டியின் அடியில் விழுந்து பக்கத்து ஓட்டைகளால் கூரைக்கே வழியும். பைபர் வேலை தெரிந்த எவரும் ஒரு நாளில் இதைச் செய்து விடுவார். கூரைக் காற்றுக்கு இதைவிட நம்பிக்கையான பொருளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, கட்டடக் கூரைகளில் சுழலும் உருண்டை. அதைப் படகிலும் கொண்டு வந்து பூட்டுகிறார்கள். உப்பில் பெயாரிங் இறுகும், சாய்ந்தடிக்கும் மழை உள்ளே வரும், கயிறு சிக்கும், இறுக மூடவும் முடியாது. எனக்கு அதில் விருப்பம் இல்லை.

எந்த வகை வாங்கினாலும் மூட முடிகிறதா என்று பாருங்கள். கடல் ஏறும்போது மட்டுமல்ல, தீப்பிடித்தாலும் இது வேண்டும். இயந்திர அறையில் நெருப்பு வந்தால் துவாரங்களை வெளியிலிருந்தே மூடவும், விசிறியை வெளியிலிருந்தே நிறுத்தவும் முடிய வேண்டும். விசிறிச் சுவிட்சை இயந்திர அறைக்குள் பூட்டியிருக்கும் படகுகளை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

இயந்திர அறையின் கணக்கு வேறு. அங்கே முதலில் மூச்சுவிடுவது இயந்திரம். 6 லீற்றர் கொள்ளளவுள்ள நாலடிப்பு டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அந்த 6 லீற்றரையும் இழுக்கும். நிமிடத்துக்கு 6000 லீற்றர், ஏறத்தாழ 210 கன அடி. ரேர்போ இருந்தால் இன்னும் கூட. இது எரிவதற்கு மட்டும், அறையின் சூட்டைக் கழிக்கும் காற்று வேறு. துவாரப் பரப்புக்குப் படகு கட்டுபவர்கள் பாவிக்கும் கணக்கு ஒன்று உண்டு: குதிரைவலுவை 3.3ஆல் வகுத்தால் வருவது குறைந்தது எத்தனை சதுர அங்குலம் வேண்டும் என்பது. 100 குதிரைவலுவுக்கு 30 சதுர அங்குலம். 4 அங்குலக் குழாய் ஒன்றின் வாய் 12.5 சதுர அங்குலம்தான், ஆகவே மூன்று வேண்டும். 3 அங்குலக் குழாய் என்றால் வாய்க்கு 7 சதுர அங்குலம், ஐந்து வேண்டும். ஓர் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று மெல்லிய குழாயை வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

உங்கள் இயந்திரத்துக்குக் காற்றுப் போதுமா என்று அறியக் கருவி தேவையில்லை. முழு வேகத்தில் ஓட்டி, இயந்திர அறை மூடியை மூடி வைத்துச் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு மூடியைத் திறவுங்கள். சுற்று ஏறினால், கறுப்புப் புகை குறைந்தால், அது இவ்வளவு நாளும் மூச்சுத் திணறிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. டீசல் காசும் அதில் போயிருக்கிறது.

ஓடும் டீசல் இயந்திரத்தின் அறைக்கு விசிறி காற்றை உள்ளே தள்ள வேண்டும், குளிர்ந்த காற்றைக் குழாயால் கீழ்மட்டத்துக்குக் கொண்டு போக வேண்டும். சூடான காற்று எதிர்ப்பக்கத்தில் மேலே வெளியேறட்டும். பெற்றோல் வைத்திருக்கும் மூடிய இடத்துக்கு இது பொருந்தாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில் போய்க் கிடக்கும். உறிஞ்சும் குழாயின் வாய் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், இயந்திரத்தைத் தொடக்க முன் குறைந்தது நாலு நிமிடம் விசிறி ஓட வேண்டும். சமையல் காஸும் அப்படித்தான் கீழே தேங்கும். சிலிண்டரைத் தளத்தில் வெளியே வைப்பதே சரி. பற்றரி சார்ஜ் ஆகும்போது வரும் ஐதரசன் இதற்கு நேரெதிர், மேலே போகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. பற்றரிப் பெட்டியின் துவாரம் உச்சியில் இருக்க வேண்டும்.

விசிறித் தெரிவில், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கார் ரேடியேற்றர் விசிறியில் பலருக்குக் கண். மலிவு, காற்றும் பலம். ஆனால் அதற்குள் பிரஷ் பொறி தட்டும். பெற்றோல், காஸ், பற்றரி உள்ள இடத்தில் அதை வைக்கவே கூடாது. அங்கே தீப்பொறி வராதபடி செய்யப்பட்ட படகு விசிறிதான் வேண்டும். ரேடியேற்றர் விசிறி 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். 100 அம்பியர் மணி பற்றரியின் பாதியை ஐந்து மணித்தியாலத்தில் குடித்து விடும். பிரஷ் இல்லாத 12 வோல்ட் சிறு விசிறி ஏறத்தாழ 0.3 அம்பியர்தான் எடுக்கும். இரண்டு விசிறி பத்து மணித்தியாலம் ஓடினாலும் 6 அம்பியர் மணி. அதைச் சின்னச் சூரியத் தகடு ஒன்றே பகலில் நிரப்பி விடும். இன்வேர்ட்டரில் 230 வோல்ட் மேசை விசிறி ஓட்டுவதை நனைந்த கபினில் நான் செய்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு விசிறிக்கும் தனி பியூஸ், ஈயம் பூசிய செப்பு வயர், இணைப்புகளில் கிறீஸ். இவற்றை விட்டால் ஒரு மாரியில் பச்சை பிடித்துப் போகும்.

கடைசியாக மீன் அறை. ஐஸ் கரையக் கூடாது என்பதால் அதற்குக் காற்றோட்டம் வைக்க முடியாது. அதுவே அதன் ஆபத்து. போருக்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட படகுகளில் மீன் அறைக்குள் இருந்து போனவர் யாரையாவது தெரிந்தால், அந்த அறையில் மூடி திறந்திருந்தபோதும் மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மீனும் கழிவுத் தண்ணீரும் அழுகும்போது ஒட்சிசன் குறையும், ஐதரசன் சல்பைட்டு வரும். முதலில் அழுகிய முட்டை மணம். அளவு கூடும்போது மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். மணம் போய்விட்டது என்று இறங்குகிறவர் விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

ஆகவே மீன் அறைக்குக் கூரை விசிறி அல்ல, கையில் கொண்டு திரியும் ஊதுவிசிறியும் அறையின் அடிவரை எட்டும் நெளிகுழாயும் வாங்குங்கள். கழுவ இறங்க முன் எல்லா மூடிகளையும் திறந்து, குழாயை அடியில் விட்டுப் புதுக்காற்றை அடியுங்கள். 1000 கன அடி அறைக்கு நிமிடத்துக்கு 100 கன அடி தள்ளும் விசிறி ஒரு முறை காற்றை மாற்றவே பத்து நிமிடம் எடுக்கும், மூலைகளில் தேங்கியதற்கு இன்னும் நேரம் வேண்டும். அரை மணித்தியாலம் விடுங்கள். ஆள் உள்ளே நிற்கும்வரை விசிறி ஓடட்டும். இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மறுமுனையுடன் மேலே ஒருவர் நிற்க வேண்டும். கீழே இருப்பவர் விழுந்தால் மேலே நிற்பவர் இறங்காமல் கயிற்றை இழுக்க வேண்டும்.