முப்பது ரூபா சம்பளம்

நான் கொருக்குப்பேட்டைக்காரன். எங்க ஏரியாவுல "பையன் என்ன பண்றான்?"னு கேட்டா, பெருமையா சொல்லக்கூடிய பதில் ரொம்ப காலமா ஒண்ணுதான்: "ஹார்பர்ல இருக்கான்." பெர்மனென்ட்னா இன்னும் ஒரு படி மேல. எங்க அப்பா அந்த வேலைக்கு ரெண்டு தடவை எழுதிப்போட்டுக் கிடைக்காம, ஒரு தனியார் கம்பெனியில ஷிஃப்ட் பார்த்து என்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சார். இப்போ பகல்ல ஓஎம்ஆர்ல கோடிங், ராத்திரி இந்த பாட்காஸ்ட். நாலு மாசமா ஒரு ராஜினாமா மெயில் டிராஃப்ட்ல கிடக்குது.

அதான் இந்த எபிசோடுக்கு ராமானுஜன். "கனவைத் துரத்து" டைப் வீடியோ எல்லாத்துலயும் அவர் வருவார்: கணக்குக்காக எல்லாத்தையும் உதறின மேதை. நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். படிச்சுப் பார்த்தா கதை வேற. அவர் வேலையை விடலை. வேலை கேட்டு அலைஞ்சார். கடைசியில அந்த வேலை கிடைச்ச இடம் எங்க ஊர் ஹார்பர்.

கணக்கைத் தவிர எதையும் படிக்காததால கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னை பச்சையப்பன்லயும் எஃப்.ஏ. தேறலை. 1909-ல ஜானகியோட கல்யாணம். அதுக்கப்புறம் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கிட்டு வேலைக்கு ஆள் ஆளாப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர், டெபுடி கலெக்டர். நோட்டைப் பார்த்தவர், இவரை ஒரு சின்ன குமாஸ்தா வேலையில அடைக்க மனசு வராம, சென்னைக்கு அனுப்பிவெச்சார். நல்ல மனசுதான். ஆனா ராமானுஜன் கேட்டது வேலை! நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபா கையிலிருந்து கொடுத்து, கணக்கை மட்டும் பாருன்னு சொன்னார். இன்னிக்கு நாம ஏங்குற டீல் அது. அடுத்தவர் காசுல ரொம்ப நாள் இருக்க ராமானுஜனுக்குப் பிடிக்கலை. 1912 பிப்ரவரியில போர்ட் டிரஸ்ட்டுக்கு விண்ணப்பம் போட்டு, மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில் கிளார்க்கா சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

இங்கதான் எனக்கு சுவாரசியம். அந்த ஆபீஸ் மேனேஜர் நாராயண ஐயர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். ஆபீஸ் முடிஞ்சதும் ராத்திரி அவர் வீட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு சிலேட்டோட உட்கார்ந்துடுவாங்க. பேப்பர் வாங்கக் காசு பத்தாத காலம். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினியர். நாராயண ஐயர் பேச்சைக் கேட்டு இந்த கிளார்க்குக்காக ஊரெல்லாம் சிபாரிசு பண்ணினார். நம்ம மேனேஜருக்கு இதை ஃபார்வர்ட் பண்ணலாமான்னு தோணுது, வேணாம்.

1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதின புகழ்பெற்ற கடிதத்துல, ராமானுஜன் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டதே போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு கிளார்க்னுதான். வயசு சுமார் 23-னு எழுதினார். உண்மையில 25. அடுத்த மாசம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தப்போ, ஸ்பிரிங் நோட்டைக் காட்டினார். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுத, பட்டமே இல்லாத ஒருத்தருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை மே மாசத்திலிருந்து கிடைச்சது. அப்பவும் அவர் ராஜினாமா பண்ணலை, லீவுலதான் போனார். 1914 மார்ச் 17-ஆம் தேதி 'நெவாசா' கப்பல்ல இங்கிலாந்து கிளம்பினதும் அவர் கணக்கு எழுதின அதே துறைமுகத்துலேருந்துதான். போறதுக்கு முன்னாடி, உதவித்தொகையிலேருந்து மாசம் 60 ரூபாய் கும்பகோணத்துல அம்மாவுக்குப் போக ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போனார்.

ஆனா இதையும் சொல்லியாகணும். 1920 ஏப்ரல் 26-ல அவர் இறந்தப்போ வயசு 32. ஜானகி அம்மாள் அதுக்கப்புறம் 74 வருஷம் வாழ்ந்தாங்க. திருவல்லிக்கேணியில பல வருஷம் துணி தைச்சுப் பிழைச்சாங்க. கனவு வீடியோக்கள்ல அந்தத் தையல் மெஷின் சத்தம் வர்றதே இல்லை. எங்க அப்பாவுக்கு மட்டும் அது கேக்குதோ என்னவோ. பாட்காஸ்ட் பத்திப் பேச்செடுத்தா அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார்: "மாசம் எவ்ளோடா வரும்?" முன்னெல்லாம் கோவம் வரும்.

ராயபுரத்துல ராமானுஜன் மியூசியம் ஒண்ணு இருக்கு, தெரியுமா? பி.கே. சீனிவாசன் என்ற பள்ளிக் கணக்கு வாத்தியார் 1993-ல ஆரம்பிச்சது. ராமானுஜனைத் தெரிஞ்சவங்களைத் தேடி, கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968-லயே புத்தகமா போட்டவர் அவர். எங்க வீட்டுலேருந்து பைக்ல கொஞ்ச தூரம்தான். இத்தனை வருஷம் நான் போனதில்லை.

ஹார்பர் ஆபீசுக்குப் பல தடவை போயிருக்கேன், வாசல் வரைக்கும். கொருக்குப்பேட்டையில ட்ரெயின் ஏறினா வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அடுத்து பீச் ஸ்டேஷன். இறங்கி ரோட்டைத் தாண்டினா ஹார்பர். சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போய் வெளியில நின்னு காட்டுவார்.

போன வாரம் அந்த டிராஃப்ட் மெயிலைத் திறந்து 'ராஜினாமா'வை அடிச்சுட்டு, 'சம்பளமில்லாம மூணு மாசம் லீவு'ன்னு மாத்தி அனுப்பிட்டேன். மேனேஜர் இன்னும் பதில் சொல்லலை. அப்பாகிட்ட நானும் இன்னும் சொல்லலை.