விலைக்குப் போன அன்னபூரணி

பழைய மிதிவண்டி ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பிரேக்கை அழுத்துவீர்கள். சட்டத்தில் பற்றவைத்த இடம் உண்டா என்று விரலால் தடவுவீர்கள். சரி, 89 அடி நீளமுள்ள பாய்க்கப்பல் ஒன்று விற்பனைக்கு வந்தால்? அதை வாங்கி, அதிலேயே பாதி உலகைக் கடந்து போக வேண்டும் என்றால்? இப்படிப்பட்ட வியாபாரம் ஒன்று 1930களில் நமக்கு அண்மையிலேயே, வங்கக் கடலின் கரையில், உண்மையாகவே நடந்தது.

செஞ்சியில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். கடல் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆனால் செஞ்சியை ஆண்டவர்கள் கடற்கரையையும் ஆண்டவர்களே. 1690இல் செஞ்சிக் கோட்டையிலிருந்த மராட்டிய அரசர் இராஜாராம், கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் விற்பனையில் சேர்த்தி. எறிபொருள் இயக்கத்தைப் பாடம் நடத்தும்போது இதை நான் தவறாமல் சொல்வேன். அடுத்து விசைகளைப் பகுக்கும் பாடம் வரும். அதற்குப் பாய்மரத்தை எடுத்துக்காட்டாகக் கூறியபோதுதான், என் மாணவர்களில் பெரும்பாலோர் பாய் கட்டிய கலம் எதையும் கண்ணால் கண்டதில்லை என்று தெரிந்தது. அவர்களுக்காகச் சொன்ன கதையே இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில் இருக்கிறது வல்வெட்டித்துறை. நம் கோடியக்கரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகத் தோணிகளையும் கப்பல்களையும் கட்டி, நாகப்பட்டினம் முதல் பர்மா வரை ஓட்டியவர்கள். அரிசியும் தேக்கும் பர்மாவிலிருந்து வந்தன. பருவக்காற்றே அவர்களது எஞ்சின். 1930ஆம் ஆண்டையொட்டி அங்கே சுந்தரம் மேஸ்திரியார் கட்டிய கப்பல்தான் அன்னபூரணி. உடலுக்குப் பெரிதும் பயன்பட்டது வேப்பமரம். இரண்டு பாய்மரங்கள். குறுக்குக் கழிகளில் கட்டிய சதுரப் பாய்கள்.

வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். அவர் சாதாரண ஆள் அல்லர். 1928இல் 32 அடிப் படகு ஒன்றில் புறப்பட்டு உலகைச் சுற்றி 1931இல் திரும்பியவர். அப்படகுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘ஸ்வாப்’. நம் நாட்டு வடமொழிச் சொல்தான். உறக்கம், கனவு என்று பொருள். 1934இல் கலாபகஸ் தீவுகளில் அவருக்குக் குடல்வால் வெடித்து, அமெரிக்கக் கடற்படையினர் விமானத்திலும் கப்பலிலும் மருத்துவர்களை அனுப்பிப் பிழைக்க வைத்தார்கள். உயிர் மிஞ்சியது, ஆனால் ஸ்வாப் அவர் கையைவிட்டுப் போயிற்று. படகை இழந்த அந்த மனிதரே பின்னர் அன்னபூரணியை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார்.

கடலில் ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த மரக்கப்பலில் வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? பாயும் கயிறும் நங்கூரமும் கண்ணுக்குத் தெரியும், கிழிந்தால் மாற்றலாம். நீருக்கு அடியில் இருக்கும் உடல்தான் கவலை. கப்பலைக் கரையேற்றி, பலகைகளைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல மரம் ‘கண்’ என்று ஒலிக்கும். உள்ளே உளுத்த மரம் ‘பொத்’ என்று அடங்கிவிடும். அதிர்வின் ஆற்றலை நொய்ந்த பகுதி விழுங்கிவிடுவதே காரணம். தேங்காய் வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்யும் சோதனையும் இதற்கு உறவுதான். இன்று கண்ணாடி இழைப் படகுகளை மதிப்பிட வருவோர் ஈரமானி கொண்டு வருகிறார்கள். ஆனால் சிறு சுத்தியலை அவர்களும் கைவிடவில்லை.

அடுத்தது பலகைகளின் இடுக்கு. அங்கே பஞ்சு அல்லது நார் திணித்துக் குங்கிலிய எண்ணெய் பூசுவதற்குக் கலப்பற்று என்று பெயர். இது ஓரளவு கசிவது இயல்பு. எங்கே கசிகிறது என்பதே கேள்வி. பின்னர் கப்பலின் முதுகெலும்பு. கப்பலின் நடுப்பகுதி அகலமானது. அங்கே நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை மிகுதி. குறுகலான இரு முனைகளிலோ எடைதான் மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்ல நடு மேலெழும்பி முனைகள் தொங்கிவிடும். ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்தால் கோட்டம் தெரிந்துபோகும். இந்த நோய்க்கு மருந்து கிடையாது.

இத்தனையும் தேறினாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. கப்பல் காற்றுக்கு எப்படி ஒத்துழைக்கும்? விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக மறிக்கும் பாயின் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பின்காற்று இருக்கும்வரை சதுரப் பாய்க்கு இணை இல்லை. எதிர்க்காற்றில்தான் சங்கடம். முக்கோணப் பாய் கட்டிய படகு, காற்று வரும் திசைக்கு 45 பாகை அளவு நெருங்கி ஓடும். சதுரப் பாய்க் கப்பலோ 67 பாகைக்கு மேல் விலகியே ஓட இயலும். இரு புறமும் மாறி மாறிச் சாய்ந்து முன்னேற வேண்டும். கொசைன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு மைல் எதிர்க்காற்றில் ஏற, முதல் படகு ஓட வேண்டியது 1.4 மைல், இரண்டாவது 2.6 மைல். பக்கவாட்டில் நழுவுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அன்னபூரணி போன வழியில் இந்தக் கணக்கைப் பொருத்துங்கள். ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக், பெர்முடா. செங்கடலின் வட பாதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்தே காற்று வீசும்; அதாவது நேர் எதிர்க்காற்று. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஏற, கப்பல் ஓட வேண்டியது 2,600 கிலோமீட்டருக்கும் மேல். இரு பக்கமும் பவளப் பாறைகள். 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் கப்பல் மாசசூசெட்சு மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றவர்களுள் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தனர்.

இங்கே நூறாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜான் எடை என்பவர், 1834இல் நம் கடற்கரைக் கலங்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். சோழமண்டலக் கரையின் தோணியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து மிக மோசமானது. முரட்டு வேலை, கடலுக்கு ஏற்றதல்ல என்பது அவர் தீர்ப்பு. தட்டையான அடிப்பாகம் கொண்ட அன்றைய தோணியைப் பார்த்து எழுதியதால் அதை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் கண்டது ஒரு கட்டம் மட்டுமே. கரைக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்களை நம் மேஸ்திரிகள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உடலின் வடிவையும் பாய் கட்டும் முறையையும் கற்று, தங்கள் மரத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். எடையின் வகுப்பில் தோற்றுப்போன மாணவன் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தான் என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்; ஆசிரியனுக்கு இந்தச் சலுகை வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. இம்மேஸ்திரிகள் பெரும்பாலும் காகிதத்தில் வரைபடம் இட்டுக் கட்டியவர்கள் அல்லர். அளவு அவர்கள் கண்ணிலும் கையிலும் இருந்தது. எந்த மேகத்துக்குப் பாயைச் சுருட்டுவது என்பது தண்டயலின் தலைக்குள் இருந்தது. கப்பல் விலைபோகும்போது மரமும் இரும்பும் துணியும்தான் கைமாறின. அந்த அறிவு வேண்டுமானால் ஆட்களையும் கூட அழைத்துப் போக வேண்டியிருந்தது. 1942இல் போர் பர்மா வாணிபத்தை அறுத்தது. பின்பு எஞ்சின் வந்தது. தூத்துக்குடியில் இன்றும் மரத்தோணிகள் சரக்கு ஏற்றுகின்றன. ஆனால் அவற்றை ஓட்டுவது டீசல். சதுரப் பாயை இழுத்துக் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து எழுதி வைத்துக்கொள்ளும் வேலையை நம் கல்லூரிகள் எதுவும் காலத்தில் செய்யவில்லை.

கதை முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “சார், அவங்ககிட்ட கொசைன் அட்டவணை இருந்திருக்காதே, 67 பாகைன்னு எப்படித் தெரியும்?” பாயின் காற்றுப்பக்க ஓரம் படபடக்கத் தொடங்கும் இடமே எல்லை என்றேன். அதற்கு ஒரு நூலிழை இப்பால் கப்பலை வைத்திருப்பவனே நல்ல சுக்கான்காரன். அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, விசிறியை நோக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.