மலையேற்றமும் மானமும்

மிதிவண்டியில் மலையேறுவோர் பின்சக்கரத்தில் பெரிய பல்லிணையைப் பொருத்திக்கொள்வது இன்று எவருக்கும் வியப்பளிக்காத செயல். ஆனால் எளிதாக ஏற விரும்புவதே வீரத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. அந்தக் கருத்து வீழ ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

கணக்கு எளிது. முன்னுள்ள பல்லிணையின் பற்களைப் பின்னுள்ளதன் பற்களால் வகுத்தால், மிதிகட்டை ஒருமுறை சுழல்கையில் பின்சக்கரம் எத்தனை முறை சுழலும் என்பது தெரியும். முன்னே 39 பற்கள், பின்னே 25 என்றால் விகிதம் 1.56. இரண்டும் 34 என்றால் விகிதம் 1. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுழற்சிக்கு முதல் அமைப்பில் வண்டி சுமார் 3.3 மீட்டர் நகரும், இரண்டாவதில் 2.1 மீட்டர். தூரம் குறையும் அளவுக்குக் காலின்மேல் விழும் பாரமும் குறையும். மலையின் உயரம் குறைவதில்லை. அதற்கான உழைப்பு சிறு தவணைகளாகப் பிரிகிறது, அவ்வளவே.

இந்த உண்மையை ஒரு கொள்கையாகவே பரப்பியவர் பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி (1853–1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில், தாம் நடத்திய 'லெ சிக்ளிஸ்த்' இதழில் பல்லிணை மாற்றத்துக்காக இடைவிடாது வாதாடினார். புலால் உண்ணாதவர். தம் ஊருக்கருகே 1,161 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய்ச் சாலையே அவருடைய சோதனைக்கூடம்.

எதிரணியில் நின்றவர் ஆன்றி தெகிராஞ்சு. 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். 1903இல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியவர். 1902இல் நடந்த மலைச்சாலைச் சோதனை ஒன்றில், மூன்று வேகப் பல்லிணை கொண்ட வண்டியோட்டிய மார்த் எஸ் என்ற பெண், ஒற்றைப் பல்லிணையில் வந்த ஆண் வீரரை வென்றார். தெகிராஞ்சு மசியவில்லை. பல்லிணை மாற்றம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியோருக்கே உரியது, தசையின் வலிமையால் வெல்வதே மேன்மை என்று எழுதினார். அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இதைப் படிக்கையில் கோபத்தைவிடச் சிரிப்பே மிகுதியாக வருகிறது.

ஆனால் அந்த மேன்மைக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்கள். 1910இல் பந்தயம் பிரெனே மலைகளுக்குள் நுழைந்து, 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைக் கடந்தது. அவ்வாண்டு வென்ற ஒக்தாவ் லாப்பீசு, அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசியது பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்டது. பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்லிணைகளைப் பொருத்தி, மலையடிவாரத்தில் இறங்கி, மரைகளைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொள்வதே அக்கால வழக்கம். குளிரில் விறைத்த விரல்களால் இதைச் செய்தவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு முரணும் உண்டு. சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பெற்ற எளிமை வீரம். சங்கிலியை நகர்த்திப் பெறும் அதே எளிமை இழுக்கு!

உடல்நலம் குன்றிய தெகிராஞ்சு 1936இல் பொறுப்பைச் சாக் கொத்தேயிடம் விட்டார். மறு ஆண்டே, 1937இல், சங்கிலி மாற்றிகள் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டன. வெலோசியோ அதைக் காணவில்லை. 1930இல் டிராம் மோதி இறந்திருந்தார். அந்தக் கணவாயில் அவர் நினைவுச்சின்னம் நிற்கிறது.

இன்று தொழில்முறை வீரர்களே செங்குத்தான ஏற்றங்களில் முந்தைய தலைமுறை நகைத்திருக்கக்கூடிய அளவுக்கு எளிய விகிதங்களைத் தேர்கின்றனர். சாலை வண்டிகளில் 53/39 என்னும் முன்பல்லிணை இணைக்கு மாற்றாக 50/34 பரவலாகிவிட்டது. பின்பல்லிணையைப் பெரிதாக்க விரும்புவோர் அதற்கேற்ற நீண்ட கைகொண்ட மாற்றியும், சில கண்ணிகள் கூடிய சங்கிலியும் தேவைப்படலாம் என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவி மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்னும் வாதம் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேடத்தில் வருகிறது. அப்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கருவியை மறுப்பதால் யார் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்? முதியோரும் மெலிந்தோரும் உச்சியை அடைந்து பள்ளத்தாக்கைக் காண்பதால், வலியோர் கண்ட காட்சி சிறிதும் மங்குவதில்லை.